பெரிய எண் ஒன்று பகா எண்தானா? ஆறு சோதனைகள், எது யாருக்கு

148 செம்பனைக் கன்றுகளைக் கையில் கொடுத்தால் 4 நிரை, நிரைக்கு 37 என்று ஒன்றும் மிஞ்சாமல் நட்டு முடித்துவிடலாம். 149 கன்று என்றால் எத்தனை கெட்டிக்கார கங்காணியாலும் முடியாது. ஒரே நிரையாக நீட்டி நடுவார், இல்லையென்றால் ஏதாவது ஒரு நிரை குறைபட்டு நிற்கும். பகா எண் என்பது அவ்வளவுதான். சின்ன எண்ணுக்கு இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எண் 7 இலக்கம், 20 இலக்கம், 300 இலக்கம் என்று வளரும்போதுதான் எந்தச் சோதனையைப் பிடிப்பது என்ற குழப்பம் வருகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் இந்தக் கேள்வி மூன்று பக்கத்திலிருந்து வரும். கணிதக் கழகக் கண்காட்சிக்குத் தயாராகும் படிவம் 4, 5 பிள்ளைகளிடம் இருப்பது கேசியோ கால்குலேட்டர். ஆறாம் படிவ மாணவரிடம் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினி இருக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போய் நிரல் எழுதத் தொடங்கியவர் குறியாக்கவியல் பாடத்துக்கு 309 இலக்கப் பகா எண் தேடுவார். மூவருக்கும் ஒரே பதில் சரிவராது.

எதை வைத்து எடைபோடுவது

எண்ணின் அளவும் கையிலுள்ள கருவியும் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தது, விடை உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா, அல்லது இன்னொருவர் சரிபார்க்கும்படி நிரூபணமாக நீட்ட வேண்டுமா என்பது. பலர் கேட்க மறக்கும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு: நடுவில் கை தவறினால் அந்தத் தவறு தானாக வெளியே தெரியுமா? கால்குலேட்டரோடு உட்காரும் ஒருவருக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம். கீழே உள்ள ஒவ்வொரு முறையையும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம்.

எந்த முறையானாலும் 100க்குக் கீழுள்ள 25 பகா எண்களால் முதலில் வகுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் எண்களில் ஏறக்குறைய 88 விழுக்காடு இங்கேயே கழிந்துவிடும்.

வகுத்துப் பார்த்தல்

எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுப்பது. 1000003 ஐ எடுத்தால் 1000 வரை 168 பகா எண்கள். ஒரு வகுத்தலுக்கு 10 விநாடி என்று வைத்தால் 28 நிமிடத்தில் வேலை முடியும். 1000000007 என்றால் 3401 வகுத்தல், அதாவது சோறு தண்ணி இல்லாமல் ஒன்பதரை மணி நேரம். மூன்று இலக்கம் கூடியதற்கு இருபது மடங்கு வேலை.

நேரம் மட்டும்தான் செலவு என்று நினைத்துவிட வேண்டாம். 999997 ஐப் பாருங்கள். அது 757 × 1321. இரண்டும் பகா எண்கள், ஆனால் 1321 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 168 வகுத்தலில் மீதி இல்லாமல் போவது ஒரே ஒரு வரியில், 134ஆவது வரியில் மட்டுமே. அந்த வரியில் ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலோ, பட்டியலில் 757 விடுபட்டுப் போனாலோ, மற்ற 167 வரியும் சரியாக இருந்தும் ‘பகா எண்’ என்று தவறாக முடிப்பீர்கள். பக்கத்து வரி எதுவும் எச்சரிக்காது.

எண்ணின் உருவம் தெரிந்தால் இந்த வேலை வெகுவாகச் சுருங்கும். 2³¹−1, அதாவது 2147483647, வகுபடுமா என்று பார்க்க நேர்வழியில் 4792 பகா எண்கள் தேவை. அதற்கு வகுத்தி இருந்தால் அது 248 இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் கண்டார். 46340 வரை அப்படிப்பட்ட எண்கள் 372 தான். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் 1772 இல் அந்த எண்ணைப் பகா எண் என்று அவர் அறிவிக்க முடிந்தது இதனால்தான்.

7 இலக்கம் வரை, கருவி கால்குலேட்டர் மட்டும் என்றால் இந்த முறையே சரி. எண் பகு எண்ணாக இருந்தால் காரணியையும் கையில் கொடுத்துவிடும். கீழே வரும் முறைகள் பெரும்பாலும் காரணியைச் சொல்லாது.

ஃபெர்மா சோதனை

எண்ணை ப என்போம். ப பகா எண்ணாக இருந்து, அதனால் வகுபடாத அ என்ற எண்ணை (இதை அடிமானம் என்போம்) ப−1 என்ற அடுக்குக்கு ஏற்றி ப ஆல் வகுத்தால் மீதி 1 வரும். மீதி 1 இல்லையென்றால் அது பகு எண், சந்தேகமே இல்லை. மறுபக்கம்தான் ஓட்டை. 341 = 11 × 31; ஆனாலும் அடிமானம் 2 இல் மீதி 1 வந்து ஏமாற்றும். அடிமானத்தை மாற்றினால் 341 பிடிபடும். 561உம், ராமானுஜன் கதையால் நமக்கெல்லாம் தெரிந்த 1729உம் அப்படியும் பிடிபடாது. 1729 = 7 × 13 × 19. 1728 ஐ 6, 12, 18 மூன்றும் மீதியின்றி வகுப்பதால், 1729 உடன் பொதுக்காரணி இல்லாத எந்த அடிமானத்தை எடுத்தாலும் மீதி 1 தான். இப்படிப்பட்ட கார்மைக்கேல் எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று 1994 இல் நிரூபித்துவிட்டார்கள். கூடுதலாக ஒரு வரி எழுதினால் இதைவிட நல்ல சோதனை கிடைக்கும்போது இதோடு நிற்க ஒரு காரணமும் இல்லை.

மில்லர்–ரேபின்

அந்த ஒரு வரி இதுதான். ப−1 ஐ 2 ஆல் வகுத்துக்கொண்டே போய் ஒற்றைப்படை எண்ணில் நில்லுங்கள். அடிமானத்தை முதலில் அந்த ஒற்றைப்படை அளவுக்கு மட்டும் அடுக்கேற்றி, பிறகு ஒவ்வொரு படியாக வர்க்கப்படுத்துங்கள். பகா எண் என்றால் வர்க்கம் 1 ஆகக்கூடிய மீதிகள் இரண்டே: 1, ப−1. மூன்றாவதாக ஒன்று அகப்பட்டால் எண் மாட்டிக்கொண்டது.

1729 ஐயே வைத்துப் பார்ப்போம். 1728 = 64 × 27. 27 ஐ ஈரடிமானத்தில் எழுதினால் 11011. படிவம் 4 எண் அடிமானப் பாடம் இங்கே அப்படியே உதவும், 27 முறை பெருக்க வேண்டியதில்லை. 2¹³ ஐ 1729 ஆல் வகுத்தால் மீதி 1276. அதன் வர்க்கம் 1628176, மீதி 1187. இன்னொரு 2 ஆல் பெருக்கினால் 2²⁷ க்கு மீதி 645. இனி வர்க்கங்கள்:

645² = 416025, மீதி 1065
1065² = 1134225 = 656 × 1729 + 1, மீதி 1

1065 என்பது 1உம் இல்லை, 1728உம் இல்லை; ஆனாலும் அதன் வர்க்கம் 1 ஆகிவிட்டது. பிடிபட்டது. இந்த இடத்தில் ஒரு கொசுறும் உண்டு: 1064 க்கும் 1729 க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133, ஆக 1729 = 13 × 133 என்று காரணியும் வந்துவிடுகிறது. எப்போதும் இப்படி வராது, வந்தால் விடாதீர்கள்.

ஒரு பகு எண் தற்செயலாக எடுத்த ஓர் அடிமானத்தில் தப்பிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல் இல்லை என்று 1980 இல் ரேபின் காட்டினார். சிறிய எண்களுக்குத் தற்செயலே வேண்டாம். 3215031751 க்குக் குறைவான எண்ணுக்கு 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களும், 64 பிட்டுக்குள், அதாவது 2⁶⁴ க்குள் அடங்கும் எந்த எண்ணுக்கும் 2 முதல் 37 வரையிலான 12 பகா அடிமானங்களும் போதும். அந்த எல்லைக்குள் விடை உறுதி.

நிரலில் எங்கே இடறும்? பைத்தானில் முதலில் முழு அடுக்கையும் கணக்கிட்டுப் பிறகு மீதி எடுப்பது பலரும் செய்வது. 20 இலக்க எண்ணுக்கே அந்த அடுக்கு எந்தக் கணினியின் நினைவகத்திலும் கொள்ளாது, நிரல் அப்படியே உறைந்து நிற்கும். ‘பவ்’ என்ற செயற்கூறுக்கு அடிமானம், அடுக்கு, வகுத்தி என்று மூன்று எண்களையும் சேர்த்துக் கொடுத்தால் 309 இலக்க எண்ணுக்கும் கண்ணிமைக்கும் நேரம்தான். சி, சி++ இல் எண் 4294967296 ஐத் தாண்டினால் இரண்டு மீதிகளின் பெருக்கற்பலன் 64 பிட்டை மீறும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் குப்பையாகும். 128 பிட் வகையைப் பயன்படுத்துங்கள். எக்செல் பக்கம் போகவே வேண்டாம்: அது 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்கப் பகா எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கத்தை 0 ஆக்கிவிட்டு, 10 ஆல் வகுபடும் என்று உங்களிடமே சொல்லும்.

கை தவறினால் என்ன ஆகும்? பகா எண்ணில் சறுக்கினால் சோதனை பெரும்பாலும் ‘பகு எண்’ பக்கமே சாயும். ஆகவே ‘பகு’ என்று விடை வந்து, காரணி கிடைக்கவில்லை என்றால் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ‘பகா’ என்ற விடை தப்புக் கணக்கில் தற்செயலாக வருவது அரிது.

யாரோ கொடுத்த எண்ணைச் சோதிப்பவர் மட்டும் அடிமானங்களை முன்கூட்டியே நிலையாக வைத்துக்கொள்ளக் கூடாது. 307 க்குக் கீழுள்ள பகா அடிமானங்கள் அனைத்தையும் ஏமாற்றும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை ஆர்னோ 1995 இல் கட்டியே காட்டினார். அடிமானத்தைத் தற்செயலாக எடுங்கள். அல்லது இதோடு லூக்கா சோதனையையும் சேர்த்த பெய்லி–பிஎஸ்டபிள்யூ முறையைப் பயன்படுத்துங்கள். அதை ஏமாற்றும் எண் எதுவும் இதுவரை அகப்படவில்லை.

எண்ணின் உருவத்தைப் பிடித்து நிரூபிப்பது

கண்காட்சிக்கும் திட்டவேலைக்கும் இதுதான் எங்கள் தேர்வு. ப−1 இன் பகாக் காரணிகள் எல்லாம் தெரிந்தால், ஓர் அடிமானத்தை (ப−1) க்கு அடுக்கேற்றும்போது மீதி 1 என்றும், (ப−1) ஐ அதன் ஒவ்வொரு பகாக் காரணியாலும் வகுத்து அடுக்கேற்றும்போது மீதி 1 இல்லை என்றும் காட்டினாலே போதும். ‘இருக்கலாம்’ என்ற பேச்சு முடிந்தது, ப பகா எண்ணேதான். இது லூக்கா முறை; பெய்லி–பிஎஸ்டபிள்யூவில் சேரும் லூக்கா சோதனை வேறு.

இதற்கு மிக அழகான எண் 65537. இணையத்தில் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தின் பொதுச் சாவியில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதும் இதே எண்தான். ப−1 = 2¹⁶, ஒரே பகாக் காரணி 2. பெப்பின் 1877 இல் தந்த வழிப்படி 3 இல் தொடங்கி 15 முறை வர்க்கப்படுத்தினால்:

3, 9, 81, 6561, 54449, 61869, 19139, 15028, 282, 13987, 8224, 65529, 64, 4096, 65281, 65536

கடைசியில் 65536, அதாவது −1. நிரூபணம் முடிந்தது. ஒரு படியை நெருங்கிப் பார்ப்போம். 6561² = 43046721. அதை 65537 ஆல் வகுத்தால் 656.83 சொச்சம். தசமத்தை 65537 ஆல் பெருக்கி மீதி எடுக்கப் போகாதீர்கள், இலக்கம் உருண்டு தப்பாகும். முழு எண் 656 ஐ மட்டும் எடுத்து 656 × 65537 = 42992272 ஐக் கழியுங்கள்: 54449. அடுத்த படிக்கு 54449 ஐயே வர்க்கப்படுத்தினால் 2964693601. கால்குலேட்டரின் 10 இலக்கத் திரையில் மயிரிழையில் அடங்குகிறது. அதைவிட 65537 − 54449 = 11088 ஐ வர்க்கப்படுத்துங்கள், மீதி மாறாது, எண் சிறிதாகும்: 122943744.

நேரத்தைப் பார்த்தால் இந்த முறை தோற்கும். 256 வரை உள்ள பகா எண்கள் 54. ஒன்பது நிமிடத்தில் வகுத்து முடித்துவிடலாம். 15 வர்க்கத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஆனால் 6561 க்குப் பிறகு எங்கே சறுக்கினாலும் தொடர் தப்பித்தவறி 65536 இல் வந்து நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 32 இல் ஒன்றுதான், பிந்திய படிகளில் அதைவிடவும் குறைவு. தவறு செய்தால் தொடரே காட்டிக்கொடுக்கும். 54 வகுத்தல் காட்டிக்கொடுக்காது.

(உண்மையில் 65537 க்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். அதன் பகா வகுத்தி 64 இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 256 க்குள் 65, 129, 193. முதல் இரண்டும் பகு எண்கள். 193 × 339 = 65427, மீதி 110. ஆய்லர் 1732 இல் அடுத்த எண்ணான 4294967297 ஐ 641 ஆல் உடைத்ததும் இதே வகைக் குறுக்குவழியில்தான்.)

2 இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு லூக்கா–லேமர் முறை. 4 இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, மீதி எடுத்துக்கொண்டே போக வேண்டும். 127 = 2⁷−1 க்கு: 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாவது படியில் 0 வந்ததால் பகா எண். லூக்கா 1876 இல் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷−1 ஐ நிரூபித்தது இதற்கு மூலமான முறையில்தான்.

மறைந்திருக்கும் செலவு என்ன? உருவம் ஒத்துவர வேண்டும். ஏதோ ஒரு 80 இலக்க எண்ணைக் கொடுத்தால் ப−1 ஐக் காரணிப்படுத்துவதே பெரும் பாடு, பல நேரம் பகா எண்ணைச் சோதிப்பதைவிடக் கடினம். வர்க்கமூலத்தைவிடப் பெரிதான ஒரு பகுதியை மட்டும் காரணிப்படுத்தினால் போதும் என்று பாக்லிங்டன் 1914 இல் பாரத்தைக் குறைத்தார், நிபந்தனை கொஞ்சம் இறுகும். அப்படியும் எல்லா எண்ணுக்கும் கைகொடுக்காது.

நீள்வட்ட வளைவு முறையும் ஏகேஎஸ் முறையும்

உருவம் எதுவும் இல்லாத நூறு, ஆயிரம் இலக்க எண்ணுக்கு நிரூபணமே வேண்டும் என்றால் நீள்வட்ட வளைவு முறை. சான்றிதழும் தரும்; சான்றிதழைச் சரிபார்ப்பது அதை உருவாக்குவதைவிட மிக விரைவு. நீங்களே எழுத முயலாமல் இலவசமாகக் கிடைக்கும் பாரி ஜிபி மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ‘இஸ்பிரைம்’ கட்டளை நிரூபிக்கும், ‘இஸ்ஸூடோபிரைம்’ கட்டளை பெய்லி–பிஎஸ்டபிள்யூவோடு நின்றுவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் திட்டவேலையில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதிவிட வேண்டாம்.

ஏகேஎஸ், 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தது. எந்த எண்ணையும், ஊகத்தையும் தற்செயலையும் நம்பாமல், பல்லுறுப்பு நேரத்தில் (இலக்கம் கூடக்கூட வேலை கட்டுமீறிப் பெருகாமல்) தீர்ப்பளிக்கும் முதல் முறை. கோட்பாட்டில் மகத்தான வேலை. ஓட்டிப் பார்த்தால் ஆமை. படிப்பதற்கு எடுங்கள், 300 இலக்க எண்ணைச் சோதிக்க எடுக்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| முறை | பொருந்தும் அளவு | கருவி | கிடைக்கும் விடை | கை தவறினால் |
|---|---|---|---|---|
| வகுத்துப் பார்த்தல் | 7 இலக்கம் வரை | கால்குலேட்டர் | உறுதி, காரணியும் | வெளியே தெரியாது |
| ஃபெர்மா | எதுவும் | கணினி | பகு என்றால் மட்டும் உறுதி | ‘பகு’ பக்கம் சாயும் |
| மில்லர்–ரேபின் | எதுவும் | கணினி | 64 பிட் வரை உறுதி, அதற்கு மேல் ஏறத்தாழ உறுதி | ‘பகு’ பக்கம் சாயும் |
| பெப்பின், லூக்கா, லூக்கா–லேமர் | உருவம் ஒத்துவந்தால் எதுவும் | 5 இலக்கம் வரை கால்குலேட்டர், மேலே கணினி | நிரூபணம் | தொடர் முடிவிடத்தைத் தவறும் |
| நீள்வட்ட வளைவு | ஆயிரக்கணக்கான இலக்கம் | பாரி ஜிபி போன்ற மென்பொருள் | நிரூபணம், சான்றிதழ் | சான்றிதழ் தேறாது |
| ஏகேஎஸ் | சிறிய எண்கள் | கணினி, பொறுமை | நிரூபணம் | சொல்ல ஒன்றுமில்லை |

உங்கள் நிலைக்கு எது

குறியாக்கப் பாடத்துக்கு 1024 பிட் பகா எண் தேடுபவர் ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்தால் சராசரியாக 355 இல் ஒன்று தேறும். சிறிய பகா எண்களால் வடிகட்டி, மிஞ்சியதைத் தற்செயல் அடிமானங்களோடு மில்லர்–ரேபினில் போடுங்கள். பயிற்சிக்கு உங்கள் நிரல் போதும். உண்மையான சாவிக்குச் சோதித்துத் தேறிய நூலகத்தை நம்புங்கள்.

நிரலாக்கப் போட்டிக்குப் போகும் ஆறாம் படிவ மாணவர் 12 அடிமான மில்லர்–ரேபினை மனப்பாடமாக வைத்திருந்தால் 64 பிட் வரை கவலை இல்லை.

சாதனை எண் தேடும் ஆசை இருந்தால், 2 இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்களைப் பலர் தங்கள் கணினிகளால் சேர்ந்து தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் சேரலாம். 2024 அக்டோபரில் லுக் டுரான்ட் அதன் வழியாகக் கண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 இல் 41024320 இலக்கங்கள். அங்கே இப்போது முதலில் ஓடுவது லூக்கா–லேமர் இல்லை, ஃபெர்மா வகைச் சோதனை. ராபர்ட் கெர்பிட்ஸ் வகுத்த பிழைச் சோதனையை அதில் நடுநடுவே பொருத்த முடிகிறது. வாரக்கணக்கில் ஓடும் கணினியில் ஒரு பிட் புரண்டாலும் உடனே தெரிந்துவிடும். பகா எண் என்று சாடை தெரிந்த பிறகே லூக்கா–லேமரால் உறுதி செய்கிறார்கள். பழைய மடிக்கணினியை இதற்கு விட்டால் மின் கட்டணமும் சூடும்தான் மிஞ்சும்.

பள்ளிக் கண்காட்சிக்கு 65537 போதும். அந்த 16 எண்களையும் ஒரு நீள அட்டையில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு கால்குலேட்டர் வையுங்கள். வருகிறவர் அடுத்தடுத்த எந்த இரண்டு எண்களையும் தொட்டு, முதலாவதை வர்க்கப்படுத்தி, 65537 ஆல் வகுத்து, மீதி இரண்டாவதுதானா என்று தாமே பார்க்கட்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம், பதினைந்து பேர் வந்து போனால் அட்டை முழுதும் சரிபார்த்தாகிவிடும்.